எட்டு மணி டவுன் பஸ்ஸில் நிற்பது எப்படி

அக்கா மகளுக்கு மதுரை அண்ணாநகரில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதியிலிருந்து போக வேண்டும். நேற்று இரவு போனில், "சித்தி, பத்தொன்பது வருஷமா அந்தக் கூட்டத்துல எப்படிப் போயிட்டு வர்றீங்க? நானா இருந்தா ரெண்டாவது நாளே ஸ்கூட்டி வாங்கிருவேன்" என்றாள். ஸ்கூட்டி வாங்க முதல் சம்பளம் வர வேண்டும். முதல் சம்பளம் வர முப்பது நாள் பஸ்ஸில் போக வேண்டும். அந்த முப்பது நாளைக்காக எழுத உட்கார்ந்தேன். இதே பாடு படுகிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

எனக்கு வீடு ஹார்விபட்டி. வேலை அண்ணாநகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், லேப் டெக்னீஷியன். காலையில் திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம் வழியாகப் பெரியார் பேருந்து நிலையம். அங்கே இறங்கி இன்னொரு பஸ் பிடித்து சிம்மக்கல், கோரிப்பாளையம், அண்ணாநகர். திரும்பி வரும்போதும் இதே இரண்டு பஸ்.

அப்பா மில்லில் ஷிப்டு பார்த்தவர். ஹார்விபட்டியே மில் தொழிலாளிகளால் உண்டான ஊர்தான். சைக்கிள் பஞ்சரான நாட்களில் அவரும் இதே ரோட்டில் பஸ் ஏறியிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவர் சொன்னது ஒன்றுதான்: "உக்கார எடம் தேடுறவன் எறங்குற வரைக்கும் பொலம்புவான். நிக்க எடம் தேடு." அன்றைக்கு அது கிழவர் பேச்சாகத்தான் பட்டது. கீழே நான் எழுதியிருப்பது முக்கால்வாசி அதன் விளக்கம்தான்.

நிற்க நல்ல இடம் வேண்டுமென்றால் அதற்கான வேலை பஸ்ஸுக்குள் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. எங்கள் ரோட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கல்லூரிப் பிள்ளைகளும் எட்டு மணியை ஒட்டி ஏறுவார்கள். அவர்கள் பின்னாலேயே ஆபீஸ் கூட்டம். ஏழே முக்காலுக்கு முன்னால் வருகிற பஸ்ஸுக்கும் எட்டே கால் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் அரை மணி நேரம் மாதிரித் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம். அரை மணி நேரத் தூக்கத்தை விட்டுக்கொடுத்தால் போதும் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். அந்த அரை மணி நேரம் எவ்வளவு இனிக்கும் என்று எனக்கும் தெரியும். சரி, முடிந்த நாளில் செய்யுங்கள்.

முடியாத நாளுக்கு வேறு வழி இருக்கிறது. போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கமாக நடங்கள். நான் ஹார்விபட்டி நிறுத்தத்தில் ஏறுவதில்லை. திருநகருக்குப் பின்னோக்கி நடந்து, அங்கே ஏறுகிறேன். அங்கிருந்தே கிளம்புகிற வண்டி கிடைத்தால் உட்காரவே இடம் கிடைக்கும். திருமங்கலத்திலிருந்து நிரம்பி வருகிற வண்டியாக இருந்தாலும், ஹார்விபட்டிக் கூட்டம் ஏறுவதற்குள் நான் உள்ளே ஒரு கம்பியைப் பிடித்திருப்பேன். தெரிந்தவர்கள் வழியில் பார்த்து, "என்னக்கா, வேலைக்கு லீவா, இப்படிப் போறீங்க?" என்பார்கள். சிரித்துவிட்டு நடந்துவிட வேண்டும்.

அப்புறம், பதினைந்து நிமிடம் வராத பஸ் வாய் பிளந்த கூட்டத்தோடு வந்து நின்றால் அதில் ஏறாதீர்கள். தலையைத் தூக்கி அதற்குப் பின்னால் பாருங்கள். பாதி நாள் அடுத்த வண்டி அங்கேயே ஒட்டிக்கொண்டு வரும், காலியாக. இதில் மர்மம் எதுவும் இல்லை. தாமதமான வண்டிக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடுதல் ஆள் காத்திருப்பார்கள். ஏற்றி இறக்க நேரமாகி அது இன்னும் தாமதமாகும். பின்னால் வருகிற வண்டிக்கு ஏற்ற ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடும். ஆனால் ஏறாமல் விடுவது என்றால் பின்னால் வண்டி இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான். நம்பிக்கையில் விட்டுவிட்டு நான் அரை நாள் சம்பளம் இழந்த கதையும் உண்டு.

ஏறும்போது முந்திக்கொண்டு படிக்கு நேரே போய் நிற்காதீர்கள். இறங்குகிறவர்கள் உங்கள் மேல்தான் இறங்குவார்கள். படிக்குப் பக்கவாட்டில், பஸ்ஸின் உடம்பை ஒட்டி நின்றால் கூட்டமே உங்களை உள்ளே தள்ளிவிடும். பெண்கள் முன்படி, ஆண்கள் பின்படி என்பது எங்கள் ரோட்டு வழக்கம். கால் தூக்குவதற்கு முன் கை கம்பியைப் பிடித்திருக்க வேண்டும். செருப்பு குதிகாலில் வார் வைத்ததாக இருக்கட்டும். புதுசாக வாங்கிய வாரில்லாத செருப்பில் ஒன்று பழங்காநத்தத்தில் படியிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்து, மீதி ஒற்றைச் செருப்போடு பெரியாரில் இறங்கி நடந்தவள் நான். ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட வெறுங்காலோடு நடப்பது மரியாதை என்பது கட்டபொம்மன் சிலை அருகே வரும்போதுதான் உறைத்தது.

படியில் தொங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. கண்டக்டரும் தொண்டை கிழியக் கத்துகிறார். உள்ளே காலியாக இருக்கும்போதும் தொங்குகிற தம்பிகளுக்கு இந்த இரண்டுமே காதில் விழுவதில்லை.

உள்ளே போனதும் எங்கே நிற்பது? பெரும்பாலானவர்கள் படியை ஒட்டியே நின்றுவிடுவார்கள், இறங்க வசதி என்று. அதுதான் பஸ்ஸிலேயே மோசமான இடம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருபது பேர் உங்களை உரசிக்கொண்டு போவார்கள். டிரைவர் பக்கத்தில் காற்று வருமே என்று போனால், எஞ்சின் முன்னால் இருக்கிற வண்டியில் அந்தப் பெட்டியின் சூடு காலைப் பொசுக்கும். சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். பின்சக்கரத்துக்குப் பின்னால் நின்றால் ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும். நல்ல இடம் நடுவில், இரண்டு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட பகுதி. ஆட்டம் அங்கேதான் குறைவு. கண்டக்டர் "உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கெடக்குல்ல" என்று கத்துகிறாரே, அவர் சொல்வது உண்மைதான். நடுவில் இடம் கிடக்கத்தான் செய்யும்.

நிற்கிற விதமும் இருக்கிறது. பிரேக் போட்டால் உடம்பு முன்னால் போகும், வண்டி கிளம்பினால் பின்னால் போகும். ஆகவே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, இரண்டு கால்களையும் பஸ்ஸின் நீளவாக்கில் தோள் அகலத்துக்கு அகட்டி வையுங்கள். டிரைவரைப் பார்த்தபடி கால்களைச் சேர்த்து நிற்கிறவர்தான் முதல் பிரேக்கில் முன்னால் இருப்பவர் மேல் விழுவார். முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாகத் தளர்த்தினால் குலுக்கலைக் கால் வாங்கிக்கொள்ளும், இடுப்புக்கு ஏறாது. எனக்கு உயரம் போதாது, மேல் கம்பியைப் பிடித்தால் கை முழுக்க இழுபட்டு வலிக்கும். அதனால் சீட்டின் முதுகில் இருக்கிற கைப்பிடிதான் என் கணக்கு. முடிந்தால் ஒரு கை அதில், ஒரு கை நடுவில் நட்டிருக்கிற கம்பியில்.

எந்தப் பக்கம் நிற்பது என்பதை நான் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது, நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளலாம். திருநகர் மதுரைக்குத் தென்மேற்கில் இருக்கிறது. காலையில் போகும்போது கிழக்கு வெயில் பஸ்ஸின் வலப்பக்கம் அடிக்கும். மாலையில் திரும்பும்போது மேற்கு வெயிலும் வலப்பக்கமே. இரண்டு நேரமும் இடப்பக்கம் நிழல். மேலூர், சிலைமான் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு காகிதத்தில் சூரியனையும் பஸ்ஸையும் வரைந்து உங்கள் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி ஆள் பார்க்கிற வித்தை. யார் எங்கே இறங்குவார் என்று தெரிந்தால் அவர் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளலாம். பள்ளிச் சீருடை திருப்பரங்குன்றத்திலேயே இறங்கும் வாய்ப்பு அதிகம். கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கினால் பசுமலையா, மதுரா கல்லூரியா என்று அட்டையின் நிறத்தைப் பார்க்க வேண்டும். பசுமலை என்றால் அதிர்ஷ்டம், மதுரா கல்லூரி என்றால் கிட்டத்தட்ட ஊர் வந்துவிட்டது, அந்த சீட்டால் பலன் இல்லை. பெரியார் தாண்டி இரண்டாவது பஸ்ஸில் என் தொழில் கை கொடுக்கும். மடியில் ஸ்கேன் கவர் வைத்திருப்பவர், பச்சை வயர்கூடையில் பிளாஸ்கும் தலையணையும் வைத்திருப்பவர் எல்லாரும் கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரிக்கு இறங்குவார்கள். ஆனால் அவர்கள் சீட்டுக்காகக் காத்து நிற்பது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். கவரைப் பார்த்துவிட்டுச் சில சமயம் நகர்ந்து போய்விடுவேன்.

பையைத் தோளின் பின்னால் மாட்டினால் நீங்கள் ஒருவர் இரண்டு பேர் இடத்தை அடைக்கிறீர்கள், உங்கள் ஜிப்பும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. நெஞ்சுப் பக்கம் மாட்டுங்கள், அல்லது உட்கார்ந்திருப்பவர் மடியில் கொடுத்துவிடுங்கள். நம் ஊர் பஸ்ஸில் எனக்கு மிகப் பிடித்த வழக்கம் இதுதான். யாரென்றே தெரியாத பெண்மணி கையை நீட்டி "குடுத்தா" என்பார். அவர் மடியில் ஏற்கெனவே மூன்று பையும் ஒரு குழந்தையும் இருக்கும். பர்ஸையும் போனையும் மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பையைக் கொடுங்கள். இறங்கும்போது மறக்காதீர்கள். நான் ஒரு முறை மறந்து, அந்த அம்மா ஜன்னல் வழியாக "ஏம்மா நீலச் சேலை!" என்று கத்தி என் டிபன் பாக்ஸைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

இப்போது என் வேலை சம்பந்தப்பட்ட விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஊசியைப் பார்த்ததும் மயங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பஸ்ஸில் மயங்குவதும் கிட்டத்தட்ட அதே குடும்பம்தான். புழுக்கத்தில் அசையாமல் நெடுநேரம் நின்றால் ரத்தம் காலில் தேங்கும், மூளைக்குப் போவது குறையும். வெறும் வயிறு, தண்ணீர் குடிக்காதது, முந்தின நாள் தூக்கமில்லாதது எல்லாம் சேர்ந்தால் சீக்கிரமே நடக்கும். பஸ்ஸில் பாத்ரூமுக்கு எங்கே போவது என்று பயந்து காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிற பெண்கள் நம்மில் பாதிப் பேர். தயவுசெய்து குடியுங்கள். இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் சதை இறுகும்போதெல்லாம் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளும்.

மயக்கம் சொல்லிக்கொண்டுதான் வரும். அடுத்தடுத்துக் கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காது அடைப்பது, கண் ஓரம் இருட்டுவது. இதில் எது தொடங்கினாலும் கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையை இறுக்குங்கள், கையை முஷ்டியாக்கி அழுத்துங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். "தலை சுத்துது" என்று சத்தமாகச் சொல்லுங்கள். சத்தமாகச் சொன்னால் சீட்டே கிடைக்கும், மதுரைக்காரர்கள் அவ்வளவு கல்நெஞ்சர்கள் இல்லை.

ஒரு நாள் பசுமலை தாண்டி ஒரு கல்லூரிப் பெண் மயங்கினாள். கூட்டத்தில் கீழே விழவும் இடமில்லை. நாலு பேர் அவளைத் தூக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்றார்கள். நல்ல மனசுதான், ஆனால் செய்யக் கூடாத இரண்டையும் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தார்கள். மயங்கியவரை நிமிர்த்திப் பிடித்தால் மூளைக்கு ரத்தம் போகாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சண்டை போட்டு அவளைத் தரையில் படுக்கவைத்து, காலைத் தூக்கி ஒரு சீட்டின் மேல் வைத்தேன். பழங்காநத்தம் வருவதற்குள் கண்ணைத் திறந்து, "என் செருப்பு எங்க?" என்று கேட்டாள். இப்படி ஓரிரு நிமிடத்தில் தெளியவில்லை என்றால், அல்லது நெஞ்சு வலி, வலிப்பு, தலையில் அடி என்றால் பஸ்ஸை நிறுத்தி 108க்குக் கூப்பிட வேண்டும்.

கூட்டத்தைச் சாக்காக வைத்துக் கை நீட்டுகிறவர்களைப் பற்றியும் அக்கா மகளுக்குச் சொல்லியாக வேண்டும். தெரியாமல் படுகிற கைக்கும் தெரிந்தே வருகிற கைக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு முதல் நொடியிலேயே தெரியும். தெரியவில்லையோ என்று நம்மை நாமே சந்தேகப்பட்டுக்கொள்வதுதான் அவனுக்குக் கிடைக்கிற அவகாசம். திரும்பி, முகத்தைப் பார்த்து, பஸ்ஸுக்கே கேட்கிற குரலில் "கையை எடுங்க" என்று சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டாம். பொது இடத்தில் பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1998லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நீங்கள் புகார் சொன்னால் பஸ்ஸைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டிய பொறுப்பு டிரைவருக்கும் கண்டக்டருக்கும் உண்டு. 181 பெண்கள் உதவி எண். முந்தானையில் குத்துகிற ஊக்கு ஒன்று கூடுதலாகக் கையில் இருப்பது அம்மா காலத்து ஏற்பாடு. அதை நான் இன்னும் கைவிடவில்லை.

டிக்கெட் விஷயம் சின்னது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் டிக்கெட் உண்டு. கேட்டு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏறும்முன் கண்ணாடியில் இருக்கிற போர்டைப் பார்த்துவிடுங்கள், எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. "ஓசிப் பயணம்" என்று முணுமுணுக்கிறவர் யாராவது இருப்பார். மாதக் கடைசியில் மிச்சமாகிற பணம் என் வீட்டில் கேஸ் சிலிண்டருக்குப் போகிறது, அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. ஆண்கள் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கை மாறி கை மாறிக் காசு முன்னால் போய், டிக்கெட்டும் மீதியும் அதே வழியில் திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான். ஒரு ரூபாய்கூட வழியில் குறைந்து நான் பார்த்ததில்லை.

வண்டியே நகராத நாட்களை முன்கூட்டியே தெரிந்துகொள்ள நாட்காட்டி போதும். முகூர்த்த நாள் என்றால் திருப்பரங்குன்றத்தில் கல்யாண வேன்கள் ரோட்டை அடைத்து நிற்கும். முருகன் கல்யாணம் செய்த தலம் அல்லவா, ஊரே அங்கேதான் தாலி கட்டும். கார்த்திகை நட்சத்திர நாளிலும் கூட்டம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று பஸ்ஸை நம்பிக் கிளம்பவே கிளம்பாதீர்கள், லீவு போட்டுவிட்டு அழகரைப் பார்க்கப் போங்கள். வைகையில் தண்ணீர் திறந்துவிட்டு, ஆற்றில் தாழ்வாக இருக்கிற கல்பாலம் மூழ்கினால், அதில் போகிற வண்டியெல்லாம் நம் பஸ் போகிற ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலத்துக்கு வந்துவிடும். அந்தப் பாலம் 1889ல் கட்டியது, மாட்டுவண்டிக்காகக் கட்டினவர்களைக் குறை சொல்ல முடியாது. செய்தியில் வைகை அணை என்று காதில் விழுந்தாலே அரை மணி நேரம் முன்னால் கிளம்பிவிடுவேன். பாலத்துக்கு முன்னால் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றால், யானைக்கல்லிலேயே இறங்கிப் பாலத்தை நடந்து கடந்து, கோரிப்பாளையம் தாண்டி வேறு வண்டி பிடிப்பது சில நாள் வேகமாக இருக்கும்.

சாப்பாட்டில் குழம்பு வேண்டாம். ஒரு முறை வத்தக்குழம்பு கசிந்து ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியில் கன்னியாகுமரி வரைக்கும் வரைபடம் போட்டுவிட்டது. அவர் திட்டாமல், "பூண்டு வாசம் நல்லாருக்கு தாயி" என்றார். அன்றிலிருந்து எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், இட்லிப் பொடி.

மாலையில் பெரியாரிலிருந்து வண்டி கிளம்புவதால் கொஞ்சம் பொறுமை இருந்தால் உட்கார்ந்தே வரலாம். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது சரியா தவறா என்று கேட்டால், கைக்குட்டை வரை சரி என்பேன். பையைப் போடாதீர்கள். எங்கள் லேபில் ஒரு பெண் போனோடு பையை உள்ளே போட்டாள். அவள் சுற்றிப் படிக்கு வருவதற்குள் வண்டி கிளம்பி, பை மட்டும் திருமங்கலம் போய்ச் சேர்ந்தது.

பூ வாங்குவதாக இருந்தால் பெரியாரில் வாங்க வேண்டாம். கூட்டத்தில் நசுங்கி, இறங்கும்போது நார்தான் மிஞ்சும். நான் ஹார்விபட்டியில் இறங்கிய பிறகு வாங்குகிறேன். நிறுத்தத்தில் இருக்கிற பூக்கார அம்மா இரண்டு முழம் மல்லிகையை ஈரத்துணியில் சுற்றித் தனியாக வைத்திருப்பார். ஏழே காலுக்கு நான் வரவில்லை என்றால் கோரிப்பாளையத்தில் மாட்டிக்கொண்டேன் என்று அவருக்குத் தெரியும், துணியில் இன்னொரு முறை தண்ணீர் தெளித்து வைப்பார்.